புள்ளிக் கோட்டு அறை

கல்முனைக்குப் படவரைஞர் படிப்புக்கு வந்த முதல் வாரமே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதினேன். வரைதாள்: பஸ் நிலையத்துக்கு எதிர்ப் புத்தகக்கடை, மடிக்காமல் சுருட்டித் தரச் சொல்ல வேண்டும். கறுப்பு மை: அதே கடை, வெள்ளிக்கிழமை பகலில் பூட்டு. சைக்கிள் ரியூப் ஒட்ட: தபாற்கந்தோர் மூலை. பகல் சோறு: வகுப்புக்குப் பின்வீடு, முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். அறை: என்று எழுதி, அதற்கு நேரே எழுதிய எதுவும் நிலைக்கவில்லை. எழுதியதை இரண்டு முறை அழித்ததில் அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது.

எங்கள் வீடு சவளக்கடைப் பக்கம். மாரியில் தாம்போதி என்ற தாழ்ந்த பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் நாள்கணக்கில் இக்கரைக்கு வர முடியாது. ஆண் பிள்ளைகளுக்குக் கடைகளின் மேல்மாடியில் அறைகள் இருந்தன. பெண் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரே வகை அறைதான். எங்கள் கரையில் கலியாணத்தின்போது வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலுள்ள வளவுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். வீடு எழும்பி, மாப்பிள்ளை இன்னும் சரிவராத காலத்தில் முன்னறை சும்மா கிடக்கும். ஊரையே புரட்டிய சூறாவளிக்குப் பிந்திய அந்த வருடங்களில் அப்படி அரைகுறையாக நின்ற வீடுகள் நிறைய. அவற்றில்தான் எங்களைப் போன்றவர்கள் தங்கினோம்.

கல்முனையை அடுத்த மருதமுனையில் எனக்குக் கிடைத்த வீட்டில் பூசாத சுவர். முற்றத்துக் கொட்டிலில் மூன்று கைத்தறிகள். வீட்டுக்காரரை மாமா என்றும் அவருடைய மனைவியை மாமி என்றும் கூப்பிட்டேன். அவர்களின் ஒரே மகள் என்னைவிட இரண்டு வயது மூத்தவர்; அக்கா முறையில் அவரை ராத்தா என்றேன். அறையைத் திறந்துவிட்ட அன்றே மாமி சொன்னார்:

"மாப்பிள சரிவந்தா ஒரு கிழமைல நீ அறைய விட்டு எழும்பணும். சரியா மகள்?"

"ஓம் மாமி."

அந்த 'ஓம்'தான் என்னை இரண்டு வருடமும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை. படலை திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவேன். எதை முதலில் பெட்டியில் வைப்பது என்று இன்னொரு பட்டியலும் வைத்திருந்தேன்.

இறுதிப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. இரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றுக்கு ஆறு தாள் வரைந்து கொடுக்க வேண்டும். அதற்கு என் மேசையும், பகல் வெளிச்சமும், ஈரம் படாத ஒரு மூலையும் வேண்டும். சாய்ந்தமருதுவிலிருந்து சம்பந்தம் வந்தது அப்போதுதான். மாப்பிள்ளை ஆசிரியர். வீடு முடிந்தால் எப்படி இருக்கும் என்று அறிய அவர் வீட்டார் படம் கேட்டார்களாம்.

"நீ படம் கீறிற புள்ளதானே, ஒண்டு கீறித் தாவன்" என்றார் மாமி.

அளவு நாடாவின் ஒரு நுனியை ராத்தா பிடித்தார், மறு நுனியை நான்.

"என்னய வெளிய தள்ளுற படத்த நானே கீறுறன் ராத்தா."

"வடிவாக் கீறுகா. நீ கோணலாக் கீறினா மாப்பிளயும் கோணலா வந்து நிப்பாரு."

வடிவாகத்தான் கீறினேன். முன்னறை, மண்டபம், சமைக்கிற குசினி எல்லாம் அளவு பிசகாமல் வந்தன. குசினிக்குப் பின்னால் வளவு வெறுமையாகக் கிடந்தது. கை தானாகவே அங்கே புள்ளிக் கோட்டில் ஓர் அறையைப் போட்டது. எட்டடிக்குப் பத்தடி, வடக்கே ஒரு ஜன்னல். வரைய வடக்கு வெளிச்சம்தான் நல்லது. எங்கள் தொழிலில் புள்ளிக் கோடு என்றால் இப்போது இல்லாதது, விரும்பினால் பிறகு கட்டலாம் என்று பொருள். முன்னறையிலிருந்து எழும்பினாலும் போக ஓர் இடம் தாளிலாவது இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து பாயில் படத்தை விரித்தார்கள். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று இடுக்கால் பார்த்தேன். மாப்பிள்ளையின் உம்மா ஒவ்வோர் அறையாக விரல் வைத்துக்கொண்டு போய், புள்ளிக் கோட்டில் நிறுத்தினார்.

"இதென்ன அறை?"

பிறகு மாமாவின் குரல் கேட்டது. "அது... கட்டப் போறம்."

"அப்ப அதும் முடியட்டும். கலியாணத்த மறுகா வைப்பம்."

எனக்குப் புள்ளிக் கோடு தெரியும்; அவர்களுக்குக் கலியாணப் பேச்சு தெரியும். அந்தப் பேச்சில் தாளில் ஏறியதெல்லாம் கொடுத்த வாக்கு. சும்மா கீறியது என்று சபையில் சொன்னால் மாமாவுக்குத்தான் தலைகுனிவு. அவர் என்னை ஏசவில்லை. "கீறினது கீறினதுதானே" என்று சொல்லிவிட்டு மணலுக்கு ஆள் பார்க்கப் போனார். அடுத்த கிழமை ஒரு தறியை விற்றார்.

முன்னறை எனக்கு மூன்று மாதம் நீண்டது. நான் விரும்பியதும் அதுதான். ஆனால் மேசையில் குனிந்தால் முற்றத்தில் இரண்டு தறிகளின் சத்தம்தான் வரும். மூன்றாவது சத்தத்துக்காகக் கை காத்திருந்து கோடு தடித்துவிடும். இரண்டாம் தாளை மூன்று முறை வரைந்தேன்.

ஒரு பின்னேரம் ராத்தா தேத்தண்ணியோடு வந்து கதவைச் சாத்தினார்.

"உண்மையச் சொல்லு. அந்த அறைய ஆருக்குக் கீறின?"

"எனக்குத்தான் ராத்தா."

அவர் தேத்தண்ணியை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பின்வளவில் கல் அடுக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு மூணு மாசம் போச்சி. வாப்பாக்கு ஒரு தறி போச்சி. நீ பாஸாகாம மட்டும் வா, உன்னய இந்த ஊட்டுப் படலைல கட்டிப்போடுறன்."

அவர் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆறியிருந்தது. குடித்துவிட்டு நான்காம் தாளைத் தொடங்கினேன்.

பாஸானேன். பரீட்சை முடிந்த கிழமை நான் எழும்பினேன்; அடுத்த கிழமை ராத்தாவுக்குக் கலியாணம். இப்போது ஒரு கந்தோரில் பிறருடைய வீடுகளை வரைகிறேன். புள்ளிக் கோடு போட்டால் பக்கத்திலேயே அது என்னவென்று எழுதிவிடுகிறேன்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அங்கே போயிருந்தேன். முன்னறையில் ராத்தாவின் குழந்தை தூங்கியது. மாமாவும் மாமியும் நான் புள்ளிக் கோட்டில் போட்ட அந்தப் பின்னறையில் இருக்கிறார்கள். வடக்கு ஜன்னலுக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தது. அறை பட்டப்பகலில் இருட்டு.

"வாடைக் காத்துக்குச் சாரல் உள்ள அடிக்கிது மகள். பாயெல்லாம் ஈரம்."

"ஜன்னலத் தெக்கால மாத்தலாம் மாமி. நான் ஒரு படம் கீறித் தாறன்."

மாமி பதறி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணா மகள். நீ கீறினா மாமா கட்டோணும்."