நாரை கொத்திய கண்

என் கணவர் திருகோணமலைப் பட்டினத்தில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ வைத்திருந்தார். கிழமை முழுக்கக் கல்யாணச் சோடிகளையும் கைக்குழந்தைகளையும் படம் எடுப்பார். ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் கமராவைத் தூக்கிக்கொண்டு நிலாவெளிக் கரைக்கோ கடல்நீர் தேங்கும் குறிஞ்சாக்கேணிக் களப்புக்கோ போய்விடுவார். ஆலா, நாரை, கூழைக்கடா என்று பறவைகள்தான் அவருக்குக் கதை. புதிதாகக் கல்யாணமான எனக்கு அது பெரிய எரிச்சல். ஞாயிற்றுக்கிழமையும் தனியே இருந்து சாப்பிடவா என்னைக் கட்டினீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அடுத்த கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

குறிஞ்சாக்கேணியில் அவருக்குப் பழக்கமான மீன்பிடிகாரர் ஒருவர் இருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற மாதிரி நாங்கள் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தோணியில் கொண்டுபோய்க் கண்டல் மரங்களின் ஓரமாக எங்களை இறக்கிவிட்டுப் போனார். கொஞ்சத் தூரத்தில் ஒரு சாம்பல் நாரை, கிழிந்த வலையில் கால் சிக்கிச் செட்டையை அடித்துக்கொண்டு கிடந்தது.

அவ்வளவு கிட்ட ஒரு நாரை அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனவர், அதை இறக்கி என் கையில் தந்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். பேனாக்கத்தியால் நூலை ஒவ்வொன்றாக அறுத்தார். கடைசி நூலை அறுக்கக் குனிந்தபோது நாரை கொத்தியது. அது பறந்து போனதை நான் பார்க்கவில்லை. அவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சேற்றில் குந்தியிருந்தார். விரல்களுக்கிடையால் இரத்தம் வந்தது.

அந்தக் கண் பிழைக்கவில்லை. இடது கண் சின்ன வயதுக் காய்ச்சலில் மங்கிப்போனது. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது.

காக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்காமல் கட்டில் காலடியில் நின்றார்.

"என்ர வலைதான் தம்பி. கிழிஞ்சதெண்டு அப்பிடியே விட்டுட்டன்."

என் கணவர் தடவி அவர் கையைப் பிடித்தார். "வலை போடாமல் நீங்கள் என்னெண்டு சீவிக்கிறது, காக்கா? அந்த நாரை பயத்தில கொத்தினது. அவ்வளவுதான்."

ஸ்ரூடியோவை மூட எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்லித்தர நான் படம் எடுக்கப் பழகினேன். கமராவுக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறாள் என்று அறிந்து, அதுவரை ஸ்ரூடியோப் பக்கமே வராத, கிண்ணியா ஊர் முஸ்லிம் பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பார். களப்பைப் பற்றி மூச்சும் விடமாட்டார்.

ஒருநாள் நானே சொன்னேன், நான் எடுக்கிறேன், நீங்கள் பக்கத்தில் வந்து இருந்தால் போதும் என்று.

"உமக்குப் பொறுமை காணாது," என்றார்.

"ஓம், காணாதுதான். வாங்கோ."

போனோம். செட்டைச் சத்தம் என்னைவிட முதலில் அவருக்குக் கேட்கும். என் முழங்கையைத் தொட்டு, எந்தப் பக்கம் என்று காட்டுவார். நான் அந்தப் பக்கம் திரும்புவேன். அப்படியும் முதல் பிலிம் சுருள்கள் எல்லாம் வெறும் கலங்கல். கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தி மீனை மடக்குவதை நான் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்து, படம் எடுக்க மறந்துபோன நாட்களும் உண்டு. அதற்கு அவர் கோபிக்கவில்லை. சொல்லும், சொல்லும் என்பார்.

அடுத்த மாரிக்குப் பிறகு ஒரு படம் சரியாக வந்தது. ஒரு கூழைக்கடா மீனோடு தலை தூக்குகிறது. அவர் அதை மூக்கில் முட்டுமளவுக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அலகுப் பையில இருந்து தண்ணி வடியுதோ?"

"ஓம், வடியுது."

"எடுத்திட்டீர்," என்றார்.

அதில் ஒரு பிரதியை அன்றைக்கே காக்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேருமாகப் போனோம்.