கவிழ்க்காத படகு

பம்ப்செட் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். வார்ப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் என் விரல் கண்டுபிடித்துவிடும். மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துத் தள்ளி வைத்துவிடுவேன். முதலாளிக்கு உறவுக்காரர் ஒருவரின் ஃபவுண்டரியிலிருந்து வந்த லோடையே ஒருமுறை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இனிமேல் சொல்லப்போவதற்கு அந்தப் பெருமை எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஓய்வு பெற்றதும் எங்கள் ஊர்க் குளத்துக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சூலூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வந்துவிடும் ஊர். குளம் என் வயதில் பாதிக் காலம் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மாடு ஒன்று தரை என்று நினைத்துக் கால் வைத்து மூழ்கியது கூட உண்டு. ஊரே இறங்கி, இரண்டு கோடை முழுக்க அதை வாரிக் கரையில் போட்டு எரித்தோம். என் முதுகு இன்றைக்கும் அதைச் சொல்லும். அதற்கடுத்த மழையில் குளம் நிரம்பியபோது, கரையில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள்.

தண்ணீர் தெரிந்ததும் படகுகள் வந்தன. கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் தலையில் பிளாஸ்டிக் படகைக் கட்டிக்கொண்டு துடுப்புப் போட வருகிறவர்கள், பறவைகளைப் படம் எடுக்கிறவர்கள். அதே படகை முந்தின வாரம் வேறு ஏதாவது குளத்தில் விட்டிருப்பார்கள். ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு படகின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், இரண்டே மாதத்தில் பழைய கதைதான். ஓடையிலிருந்து தண்ணீர் வரும் வாயில் இரட்டை வலை அடித்திருந்தோம். மிச்சம் இருந்த ஒரே வழி படகு.

அதனால் ஒரு சட்டம் போட்டோம். எந்தப் படகானாலும் சரிவில் இறக்குவதற்கு முன்னால் இரண்டு கட்டைகள்மேல் கவிழ்க்க வேண்டும். உள்ளே இருக்கிற பழைய தண்ணீர் வடிய வேண்டும். கயிற்றை உதறி, இடுக்கெல்லாம் துடைத்து, போர்வெல் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகுதான் இறக்கலாம். பார்ப்பது யார் என்று கேட்டபோது, எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு நோட்டு கொடுத்தார்கள். தேதி, யார் படகு, என்ன கண்டேன், கடைசியில் என் கையெழுத்து. எனக்கு மறுபடியும் வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

கோயம்புத்தூர்க்காரர்கள் முணுமுணுப்பார்கள். "ஏர்போர்ட்ல கூட இவ்வளவு செக்கிங் இல்லீங்க சார்" என்பார் ஒருவர். "அங்க தாமரை மொளைக்காதுங்க, கவுத்துங்க" என்பேன். கவிழ்த்தே தீர வேண்டும்.

முணுமுணுக்காத ஒரே ஆள் பரிசல்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரருக்கு முதுகுத் தண்டில் கோளாறு வந்து படுத்தபிறகு அவள்தான் ஃபைபர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவாள். தூரத்தில் வரும்போது பரிசலுக்குக் கால் முளைத்து நடந்து வருவது போலிருக்கும். வாரத்தில் நான்கு நாள் எங்கள் குளம், மற்ற நாள் கீழே உள்ள இன்னொரு குளம். கட்லாவும் ஜிலேபிக் கெண்டையும் பிடித்துக் கரையிலேயே விற்றுவிடுவாள். நான் சொல்வதற்கு முன்பே பரிசலைக் கட்டையில் கவிழ்த்துவிட்டு, "பாருங்கண்ணா" என்று ஒதுங்கி நிற்பாள்.

ஒருநாள் நான் பார்த்து முடித்துப் பேனாவை எடுத்தபிறகு, "ஏனுங்கண்ணா, இங்க ஒண்ணு இருக்குது பாருங்க" என்றாள். விளிம்பு மடிப்புக்குள் விரலை விட்டு எடுத்தாள். சுண்டுவிரல் நகத்தளவு பச்சை. ஆகாயத்தாமரைக் குருத்து. நான் தவறவிட்டதை அவள் கண்டுபிடித்திருந்தாள். அதைக் கல்லில் வைத்து நசுக்கி, தீக்குச்சி கிழித்து எரித்தோம். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நோட்டில் எழுதினேன்: பரிசல், ஆகாயத்தாமரைத் துண்டு ஒன்று கண்டெடுத்து அழிக்கப்பட்டது. உள்ளதை உள்ளபடி எழுதினேன் என்ற திருப்தி எனக்கு. அவளே காட்டினாள் என்பதை எழுதவில்லை. அப்போது அது முக்கியமாகத் தோன்றவில்லை.

அந்த வருடம் தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். வெள்ளகோவில் பக்கம் எண்ணெய் மில் வைத்திருக்கிற குடும்பம். சம்பந்தி தங்கமான மனிதர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பொண்ணு பார்க்க வந்த அன்றே, "உங்க பொண்ணு எங்கூட்ல மருமக இல்லீங்க, மக" என்றார், சொன்னபடியே வைத்திருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு ஆசை, படகு. எங்கோ ஆர்டர் கொடுத்து, நீல நிறத்தில் மூன்று பேர் உட்காருகிற படகு ஒன்று வாங்கியிருந்தார். எங்கள் குளத்தைப் பற்றி நான்தான் கல்யாணப் பந்தியில் அளந்திருந்தேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முந்தின நாள் போனில் சொன்னபடியே, படகைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கூட அவருடைய அண்ணனும் மைத்துனரும். மூவரும் வெள்ளை வேட்டி சட்டையில் இறங்கினார்கள். சரிவில் அப்போது படகு விட வந்த கோயம்புத்தூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"வாங்க சம்பந்தி, வாங்க வாங்க" என்று எழுந்து ஓடினேன்.

"நீங்க ஏனுங்க எந்திரிச்சு வாரீங்க, ஒக்காருங்க" என்றார். "சோதனையெல்லாம் உண்டாமாங்க? பண்ணிப்போடுங்க. போன வாரம் காங்கேயம் பக்கம் ஒரு குட்டைல விட்டனுங்க. ஒரே செடிங்க அங்க, துடுப்பே போட முடியல."

அவரே சொன்னார். அவரே சோதனை செய்யச் சொன்னார். இந்த மனிதரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்தவனுக்கு ஒரு முதுகு உண்டு, அது தானாக வளையும். வேட்டி மடித்துக் கட்டி, மூன்று பெரிய மனிதர்களையும் படகைத் தூக்கிக் கவிழ்க்கச் சொல்லி, நான் குனிந்து இடுக்கு இடுக்காகத் துழாவுவதா? ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க? சம்பந்தியை நிற்கவைத்துச் சோதனை போட்டான் என்று நாளைக்கு வெள்ளகோவிலில் அவருடைய அண்ணன் சொல்ல மாட்டாரா? கல்யாணமாகி மூன்று மாதம் கூட நிறையவில்லை.

மரியாதைக்காகப் படகைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். பின்பக்க இருக்கைக்கு அடியில் கயிறு சுருட்டிக் கிடந்தது. அதன் நடுவில் பச்சையாக ஏதோ தெரிந்தது. உருண்டையாக, சின்ன வெங்காயம் மாதிரி காம்பு. பார்த்தேன். இருபத்தெட்டு வருடம் பழகிய கண் அது, பார்க்காமல் இருக்குமா? புல்லாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நம்ம படகுல என்னங்க பாக்கறது, எறக்குங்க சம்பந்தி" என்றேன்.

மூவரும் சந்தோஷமாக இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டார்கள். வீட்டில் கோழிக்குழம்பும் பணியாரமும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நோட்டில் நான் எழுதியது: கவிழ்த்துப் பார்த்தது, சுத்தம். கீழே கையெழுத்து. அத்தனை வருடத்தில் நான் பாஸ் செய்த முதல் ரிஜெக்ட் அதுதான்.

வைகாசியில் அரசமரத்தடி ஓரம் முதல் பூவைப் பார்த்தார்கள். ஊதாப் பூ. சம்பந்தியும் கூட வந்தவர்களும் படகை ஒதுக்கி நிறுத்திப் படம் எடுத்துக்கொண்ட இடம். ஆடிக்குள் குளத்தில் கால் பாகம் பச்சை.

கூட்டம் போட்டார்கள். நோட்டைத் தலைவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நூற்றுக்கணக்கான வரிகளில் செடி கண்டதாக இருந்தது ஒரே ஒரு வரி. என் கையெழுத்தில், என் கையொப்பத்தோடு, பரிசல்.

அவளைக் கூப்பிட்டு விட்டார்கள். மீன் வாசனையோடு வந்து வாசலோரம் நின்றாள். "அது நானே தானுங்க எடுத்துக் காட்டுனது" என்றாள். என்னை ஒரு முறை பார்த்தாள்.

"ஆமாங்க, அவங்களேதான் காட்டுனாங்க" என்றேன். அதற்குமேல் வாயில் கொழுக்கட்டை.

"ஒண்ணு காட்டுனாங்க சரி. காட்டாதது எத்தனை போச்சோ, யாரு கண்டா?" என்றார் தலைவர். வேறு குளத்தில் இறங்குகிற பரிசல் இனி நம் குளத்தில் இறங்கக் கூடாது என்று முடிவானது. அப்படி இறங்குகிற பரிசல் ஊரில் ஒன்றுதான். அவள் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கீழ்க்குளத்து மீனை மட்டும் வைத்து அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. தறிக்குடோனில் நூல் தார் சுற்றப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் பரிசலை ஒவ்வொரு தடவையும் கவிழ்க்கச் சொன்னவன் நான். அதற்கு ஒரு நாளும் என் நாக்குக் கூசியதில்லை. அவளிடம் ஓடிய சட்டம் சம்பந்தியிடம் ஏன் நொண்டியது என்று எனக்குத் தெரியும். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி செடி வாரத் தொடங்கினோம். பொக்லைனின் கை கரையோரம் மட்டும்தான் எட்டும். நடுவில் போய் இழுத்து வர ஒரு பரிசல் வேண்டும். வேறு வழியில்லாமல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளைக் கூப்பிடலாம் என்றார் தலைவர். கூப்பிடப் போனவனும் நான்தான். எந்த முகத்தோடு போனேனோ. "வாரேனுங்கண்ணா" என்றாள், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை பரிசலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். குளத்தில் பாதிக்குமேல் செடி. அவள் நேராக என் மேசைக்கு வந்து, கட்டைகள்மேல் பரிசலைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"இனி என்ன அம்மணி பாக்கறது? குளமே செடியாக் கெடக்குது, எறக்கு" என்றேன்.

"இல்லீங்கண்ணா. பாத்து எழுதிக்கோங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

குனிந்தேன். விளிம்பு மடிப்புக்குள் விரல் விட்டுச் சுற்றி வந்தேன். கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தாள். நிமிர முடியவில்லை. குனிந்தபடியே சொன்னேன். "அம்மணி, செடி உன்ற பரிசல்ல வர்லை. எங்க சம்பந்தி படகுல வந்துது. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் விட்டேன்."

"தெரியுமுங்க."

நிமிர்ந்தேன்.

"அன்னைக்கு நான் அந்தக் கல்லுமேல ஒக்காந்து வலை பிரிச்சுட்டு இருந்தனுங்க. நீங்க கவுத்தலீங்களே."

"பொறகு கூட்டத்துல ஏன் சொல்லல?"

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சொல்லலாம்னு தானுங்க வந்தேன். நாலு பேருக்கு முன்னால பொண்ணு குடுத்த எடத்தை இழுத்துப்போட்டா, பொறகு அந்தப் புள்ள அங்க எப்படிங்க தல நிமிந்து இருக்கும்? நானும் ஒண்ணைக் கட்டிக் குடுத்தவ தானுங்க." பிறகு கட்டையைக் காட்டினாள். "எழுதிட்டீங்களாங்கண்ணா?"

எழுதினேன். அவள் பரிசலைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அன்று முழுக்க நடுக்குளத்திலிருந்து செடியை இழுத்து இழுத்து வந்து கரையில் சேர்த்தாள்.

அன்று சாயங்காலமே தலைவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து சட்டையை மாட்டினேன். நிஜமாகவே மாட்டினேன். அப்போது போன் அடித்தது. சம்பந்தி. மகளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தோம், நல்ல செய்தி என்றார். நான் அழுதுவிட்டேன். பிறகு, பேச்சை மாற்றுகிறவர் போல, "கொளம் எப்படிங்க இருக்குது? மறுபடி செடி வந்துருச்சாமா, நம்ம பாப்பா சொல்லுச்சு. மனசே கேக்கலீங்க. அவ்வளவு சோதனை பண்றீங்க, அப்புறம் எப்படிங்க உள்ள வந்துது?" என்றார்.

உண்மையான வருத்தம் அவர் குரலில் இருந்தது. கேட்டிருந்தால் அவரே வந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் செடி வாரியிருப்பார். அவரே தலைவரிடம் சொல்லியும் இருப்பார். அந்த அளவுக்கு நல்லவர் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"தெரியலீங்க சம்பந்தி" என்றேன்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அவள் வருவாள். பரிசலைக் கவிழ்த்துவிட்டு, நான் பார்த்து எழுதும்வரை ஒதுங்கி நிற்பாள்.