மூன்று உருண்டைக் களி

"சுகர் பார்டர்ல நிக்குது. மூணு மாசம் டைம் தரேன். சாப்பாட்டைக் கவனிங்க, நல்லா நடங்க. இறங்கலன்னா மாத்திரைதான்" என்றார் டாக்டரம்மா.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமாகப் படவில்லை. நான் பெங்களூரு ஈஜிபுராவில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். சர்க்கரை முற்றினால் கண்ணைத் தொடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்குக் கண்ணும் கையும்தானே சர்டிபிகேட்! மறுநாளிலிருந்து எழுந்ததும் ஜன்னல் பக்கம் போய் ஊசியில் நூல் கோர்த்துப் பார்ப்பேன். ஒரே தடவையில் நுழைந்தால் நிம்மதி. நுழையாவிட்டால், போச்சு, கண் மங்க ஆரம்பித்துவிட்டது என்று அடுப்படியில் உட்கார்ந்துவிடுவேன்.

"தூக்கக் கலக்கத்துல கோர்த்தா எனக்கும்தான் நுழையாது. முதல்ல மூஞ்சியைக் கழுவு" என்பார் வீட்டுக்காரர்.

மேல் வீட்டு அக்கா கன்னடக்காரர். நம்மோடு பேசும்போது பாதித் தமிழ். "அன்னம் பிட்டுபிடும்மா. முத்தே தின்னு. சுகர் ஓடியே போகும்" என்றார். சோற்றை விட்டுவிடச் சொல்கிறார்; முத்தே என்பது நம் கேழ்வரகுக் களிதான். அன்றைக்கே சோற்றை நிறுத்தினேன். சோறு ஆபத்து, களி மருந்து. மருந்தைக் கூடுதலாகச் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும் அல்லவா? காலையில் மூன்று உருண்டை, ராத்திரி இரண்டு. கீரைக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்குவதால் எத்தனை உள்ளே போகிறது என்றே தெரியாது. பார்க்கில் ஐந்து சுற்று நடந்து வந்தால் பசி பிய்க்கும். அதற்கு இன்னொரு உருண்டை.

மூன்று மாதம் பொறுத்திருக்க எனக்கு ஏது தைரியம்? ஆறாவது வாரமே போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேன். ஏறியிருந்தது.

"என்ன சாப்பிடுறீங்க?"

"வெறும் களிதான் டாக்டர். சோத்தைக் கண்ணால பாக்குறதில்ல."

"எவ்வளவு?"

கையைக் குவித்துக் காட்டினேன்.

"கிரிக்கெட் பால் அளவா?"

"கிட்டத்தட்ட…"

"தேங்கா டாக்டர்! உரிச்ச தேங்கா. நான் சாட்சி" என்றார் கூட வந்த வீட்டுக்காரர்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "அது மருந்து இல்லம்மா, அதுவும் மாவுதான். நல்ல மாவு, அவ்வளவுதான். சின்ன உருண்டை ஒண்ணு போதும். தட்டுல பாதிக்குக் காய் இருக்கணும். கூடவே பருப்பு, இல்லன்னா முட்டை. சாப்பிட்டதும் மிஷின்ல உக்காராம பத்து நிமிஷம் நடங்க."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சமையல் லேசாகிவிட்டது. பீன்ஸை நறுக்கி மூடி வைத்து வேகவிட்டு, கடைசியில் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல். பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கடுகு தாளித்தால் கோசம்பரி. அதற்கு அடுப்பு இரண்டு நிமிஷம் எரிந்தால் போதும். முதலில் காயைச் சாப்பிட்டு முடிப்பேன். அதற்குப் பிறகு களி கொஞ்சம்தான் இறங்கும். சோறும் திரும்பி வந்தது, மத்தியானம் ஒரே ஒரு கரண்டி. ஒரு ரவிக்கை முடிந்தால் மொட்டை மாடிவரை ஏறி இறங்குவேன். "துணி காயப் போட்டிருக்கியா?" என்று அக்கா கேட்பார். "இல்லக்கா, என்னையே காயப் போடுறேன்" என்பேன்.

மூன்று மாதம் முடிந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "பரவால்லையே, இறங்கிடுச்சு. மாத்திரை வேண்டாம்" என்றார்.

"இப்போதைக்கா, எப்பவுமேவா?"

"இப்போதைக்கு. இதே மாதிரி சாப்பிடுங்க, ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

சந்தோஷப்பட வேண்டியதுதானே? காகிதத்தை வாங்கி என் பெயரும் வயதும் சரியா என்று பார்த்தேன். அப்புறமும் மனசு கேட்கவில்லை.

"வேற யாரோட ரத்தமாவது மாறிப் போயிருக்குமா டாக்டர்?"

"ஏறினப்ப இதைக் கேக்கலையே நீங்க!" என்றார் அவர்.

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். வாசலில் ஆட்டோவுக்குக் கை காட்டினார். "வேண்டாங்க, நடந்தே போயிடலாம்" என்றேன்.