நான் திருப்பி எடுத்த மஞ்சள் கொடி

அமெரிக்கக் கால்பந்து நடுவராக ஒஸ்லோ மைதானத்தில் இறங்கிய முதல் நாளே நான் ஒரு பிழை விட்டேன். கிழமை நாட்களில் குரோருட் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். சனிக்கிழமைகளில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சேர்ட். புதிதாக விசில் எடுப்பவர்களுக்காக அந்தப் பிழையை எழுதி வைக்கிறேன்.

ஒஸ்லோ அணியோடு ஆட ஸ்தவாங்கர் அணி வந்திருந்தது. சம புள்ளி, ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. ஒஸ்லோக்காரர் பந்தை உயர உதைத்தார்கள். அதைப் பிடிக்க நின்ற ஸ்தவாங்கர் வீரன் எரிக், அண்ணாந்தபடியே ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி ஆட்டினான். அதுதான் ஃபெயர் கேட்ச். 'பிடித்த பிறகு ஓடமாட்டேன், என்னை ஒருவரும் இடிக்கக் கூடாது' என்று அர்த்தம். மேலே பார்த்து நிற்பவனுக்கு வேறு காவல் இல்லை.

ஒஸ்லோவின் லார்ஷ், நூறு கிலோ ஆள், முழு வேகத்தில் வந்தான். கடைசி இரண்டு எட்டில்தான் அந்தக் கையைக் கண்டிருக்கிறான். பந்து எரிக்கின் கையில் விழுந்த அதே நொடி இருவரும் நிலத்தில். குற்றம் என்று காட்டும் மஞ்சள் கொடியை நான் எறிந்தேன்.

தண்டம் பதினைந்து யார்ட்; பந்து அவ்வளவு தூரம் ஒஸ்லோவின் பக்கம் நகரும். அது கிடைத்தால் ஸ்தவாங்கர் ஒரே உதையில் வெல்லலாம்.

தலைமை நடுவர் க்னூத் ஓடி வந்தார். "இடிச்சதைக் கண்டனீரோ?"

"விழுந்ததைத்தான் கண்டனான்."

அதற்குள் எரிக் எழும்பி வந்துவிட்டான்.

"அவன் என்னைத் தொடேல்லை. நான் பயந்து விழுந்தனான். அவன் தன்னை அங்காலை எறிஞ்சிட்டான்."

"வாயை மூடு!" என்று அவனுடைய பயிற்றுநர் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார். எரிக் திரும்பியும் பார்க்கவில்லை.

செயற்கைப் புல்லில் ரப்பர்த் துகள் சிதறிய தடம் எரிக் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. அதன் முடிவில் லார்ஷ் எழும்ப முடியாமல் கிடந்தான். காறை எலும்பு முறிந்திருந்தது. அந்த வேகத்தில் ஒரு மனிதன் தன்னை எப்படித் திருப்பினான்?

எல்லோரும் பார்க்க நானே போய், தண்டம் இல்லை என்று கொடியைத் திருப்பி எடுத்தேன். மேலதிக நேரத்தில் ஸ்தவாங்கர் தோற்றது.

காணாததற்குக் கொடி எறியாதீர்கள். எறிந்துவிட்டால், திருப்பி எடுக்க வெட்கப்படாதீர்கள். அன்று நான் படித்தது அதுதான். ஆனால் மனதில் நிற்பது வேறு. அம்புலன்ஸ் கதவடியில் எரிக் லார்ஷிடம் கேட்டான்:

"என்னை இடிச்சிருந்தா உனக்கு ஒண்டும் நடந்திராதே. ஏன் விலகினனி?"

லார்ஷுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"நீ கையை உயர்த்தினனியெல்லே," என்றான்.