சாம்பல் கட்டத்துக்குள் ஒரு கதவு

அலுவலகத்தில் அவரை எல்லோரும் மேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது.

பெரிய கட்டடங்களில் லிஃப்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு படம் மாட்டியிருக்குமே, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று பச்சை அம்பு போட்டு, ‘நீங்கள் இருப்பது இங்கே’ என்று சிவப்புப் புள்ளி வைத்து? அதை வரைவதுதான் அவர் வேலை. அதை யாரும் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். லிஃப்ட் வரும்வரை அந்தக் கண்ணாடியில் தலை சீவிக்கொள்கிறவர்களை அவரே பார்த்திருக்கிறார். ஒருவர் பல்லிடுக்கைக்கூடச் சரிபார்த்துக்கொண்டு போனார்.

அதைப் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது வேறு. அந்த வேலை முடிவதே இல்லை. மூன்றாம் மாடியை வரைந்து அனுப்பினால், ஒரு சுவரை இடித்துவிட்டோம் என்று திரும்பி வரும். திருத்தி அனுப்பினால், இடித்த சுவரை மறுபடி எழுப்பிவிட்டோம் என்று வரும். ‘அப்பாடா, இது முடிந்தது’ என்று அவர் ஒரு தாளையும் மேசையிலிருந்து எடுத்து வைத்ததில்லை.

இந்த நிலையில்தான் மச்சினன், “கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும் மாமா, என் ரூம்ல இடமில்ல” என்று தன் வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து டிவிக்குக் கீழே வைத்தான். உள்ளே ஒரு ஜாம்பி விளையாட்டு இருந்தது. செத்துப்போன ஒரு ஊர். தெருவெல்லாம் பிணங்கள் நடமாடும். அந்த ஊர் ரேடியோ அறிவிப்பாளர் கடைசி நாட்களில் பேசி வைத்த கேசட்டுகள் வீடு வீடாகச் சிதறிக் கிடக்கும். எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டால் திரையின் மூலையில் நூறு சதவீதம் என்று வரும்.

மேப்புக்குப் பிணங்கள் கண்ணில் படவில்லை. அந்த நூறுதான் பட்டது. முழுசாக முடிக்கக்கூடிய ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது, அதுவும் தன் வீட்டு ஹாலிலேயே இருக்கிறது.

இணையத்தில் அந்த ஊருக்கு யார் யாரோ மேப் போட்டிருந்தார்கள். ஒன்றைத் திறந்து பார்த்ததுமே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வடக்கு எது என்று இல்லை. அளவு இல்லை. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. “இத வச்சுக்கிட்டு ஒருத்தன் பாத்ரூமுக்குக்கூடப் போக முடியாது” என்று மனைவியிடம் பொருமினார். தானே வரைய உட்கார்ந்தார். கட்டடம் கட்டடமாக நடந்து, சுவரும் கதவும் படிக்கட்டும் குறித்து, தேவையில்லாததைச் சாம்பல் நிறத்தில் அடைத்து, ஊரையே சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஒரு தாளில் கொண்டுவந்தார். சாப்பாடு சோபாவுக்கு மாறியது.

கேசட்டுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தொண்ணூற்றொன்பது வந்தது. அங்கேயே நின்றது.

ஒரே ஒரு கேசட். மேப்பில் எல்லா அறையிலும் டிக் அடித்தாகிவிட்டது. மறுபடி ரயில் நிலையம் போனார். மறுபடி பள்ளிக்கூடம். எண் அசையவில்லை. அலுவலகத்தில் யாராவது “என்ன மேப்பு, டல்லா இருக்கீங்க?” என்று கேட்டால் கடித்துக் குதறுகிற மாதிரி பார்த்தார்.

மனைவி கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். “எங்க டாக்டர்கிட்ட வாங்க, சொட்டு மருந்து போடச் சொல்றேன். கண்ணெதிர்ல இருக்கறது உங்களுக்குத் தெரியாது, இது புது வியாதியா என்ன?” என்றாள்.

இதற்கிடையில் மச்சினன் போன் செய்தான். வேறு ஊருக்கு மாற்றல். ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியை எடுத்துக்கொள்கிறானாம். “என்ன மாமா, அதுக்குள்ள நூறு அடிச்சிருப்பீங்களே?”

போனை வைத்துவிட்டு மேப்பு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதுவும் போச்சு என்றால் அப்புறம் எது முடியும்?

ஞாயிறு காலை மச்சினன் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றபோது மேப்பு ஆஸ்பத்திரியின் மூன்றாவது தளத்தை மறுபடி சலித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, கீழ வண்டி நிக்குது.”

“நிக்கட்டும்.”

“டிரைவர் கத்துவாருங்க.”

“கத்தட்டும்னு சொல்றேன்ல!”

பெருவிரல் வீங்கிப் போயிருந்தது. கையிலிருந்த கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். மனைவி அதை எடுத்தாள். “போறதுக்குள்ள நானும் ஒரு தடவ இந்த ஊரச் சுத்திப் பாத்துக்கறேன்.”

அவள் கையில் விளையாட்டின் உருவம் குடித்தவன் மாதிரி தள்ளாடியது. மேப்பு தாளைப் பார்த்தபடியே அதட்டினார். “இடது பக்கம் போ.”

“இடது பக்கம் நாலு பேரு நிக்கறாங்க.”

“அது பேரு இல்ல, பிணம்.”

“எனக்கு டோக்கன் வாங்காம உள்ள நுழைஞ்சவங்க மாதிரிதான் தெரியுது. ஐயோ, துரத்தறாங்களே!” சலவை அறைக்குள் ஓடினாள்.

“அங்க ஏன் போறே? அந்தப் பக்கம் அடைப்பு. கதவு கிடையாது.”

“இருக்கே.”

“மேப்புல இல்ல.”

“டிவில இருக்குங்க!”

உருவம் கதவை இழுத்துத் திறந்தது. ஒரு பொந்து மாதிரி அறை. அழுக்குத் துணி மூட்டை, ஒரு துடைப்பம். அலமாரி விளிம்பில் ஒரு கேசட்.

மேப்பு தாளைப் பார்த்தார். அந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம், அவர் கையால் அழகாக அடைத்தது. அலுவலகப் பழக்கம். புகைக்குள் ஓடுகிறவன் வழியென்று நினைத்துப் பொந்துக்குள் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் மறுபக்கம் வழியில்லாத அறைக்கு அலுவலகப் படங்களில் கதவே போட மாட்டார்கள். ஒளித்துவைக்கிறவன் அப்படிப்பட்ட அறையைத்தானே தேடுவான்! இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாகக் கதவை மூடியிருக்கிறது, கண் அதை நம்பியிருக்கிறது. ஊரையெல்லாம் சுற்றியவர் தான் பூசிய பென்சிலுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை.

“எடுக்கட்டுமா?” என்றாள் மனைவி.

“தொடாதே! குடு, குடு இப்படி.”

“ஐயோ, பிடுங்காதீங்க!”

பொத்தானை அழுத்தினார். மூலையில் எண் புரண்டது. நூறு.

அதே நொடியில் வாசலை அடைத்துக்கொண்டு பிணங்கள் உள்ளே நுழைந்தன. மேப்பு பழக்கதோஷத்தில் வெளியேறும் வழியைத் தேடினார். பொந்துக்கு ஏது வழி? திரை சிவந்து அணைந்தது.

“நூறு அடிச்ச கையோட போய்ச் சேந்துட்டீங்களே மாமா!” மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“நூறு போயிடுமாடா?” மேப்பு அவன் சட்டையைப் பிடித்தார்.

“எடுத்ததுமே பதிஞ்சிடும். பாருங்க.”

மறுபடி திரை வந்தது. நூறு அப்படியே இருந்தது. அதை அவர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். கீழே ஹாரன் அலறியது. மச்சினன் ஒயரைப் பிடுங்கினான்.

“கண்டுபிடிச்சது அக்காதான், ஞாபகம் வச்சுக்கங்க” என்று படியிறங்கும்போது வேறு சொல்லிவிட்டுப் போனான்.

டிவிக்குக் கீழே பெட்டி இருந்த இடம் மட்டும் தூசில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. மனைவி அதைத் துடைக்கத் துணியோடு வந்தபோது மேப்பு சாப்பாட்டு மேசையில் குனிந்திருந்தார். கையில் ரப்பர்.

“பெட்டியே போயாச்சு. இன்னும் என்ன பண்றீங்க?”

“சலவை அறைக்குப் பின்னாடி கதவு போடறேன்.”

“யாருக்கு?”

“தப்பா இருக்குல்ல” என்றார் எரிச்சலாக.

அவள் துணியை உதறிக்கொண்டே தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “உள்பக்கமாத் திறக்கற மாதிரி போட்டிருக்கீங்க. நான் இழுத்துத்தானே திறந்தேன்?”

மேப்பு பல்லைக் கடித்தார். ரப்பர் தூளை ஊதிவிட்டு, இப்போதுதான் போட்ட கதவை மறுபடி அழிக்கத் தொடங்கினார்.