கம்பத்தில் தொங்கும்போது கத்த வேண்டும்

இந்த மாதம் நடந்தவை, வரிசையாக:

1. எங்கள் 'போல் ஃபிட்னஸ்' (pole fitness) வகுப்பில், ஆயுத பூஜை அன்று கம்பத்தின் உச்சியில் மாலை கட்ட என் பெயர் வந்தது.
2. அந்தச் சந்தோஷத்தில் ஓய்வு நாள் வைக்காமல் தினமும் ஏறினேன்.
3. வலது தோளில் ஏதோ கிள்ளியது. மூச்சை ஆழமாக இழுத்து விட்டேன்.
4. முழங்கையின் உள்பக்கம் குத்தியது. மறுபடியும் மூச்சு.
5. பூஜைக்கு முந்தைய வாரம், ஏறிக்கொண்டிருக்கும்போதே கை தானாகத் திறந்துகொண்டது. சர்ரென்று வழுக்கி மெத்தையில் உட்கார்ந்தேன்.

பதறாதீர்கள். இடுப்பு உயரம்தான். மெத்தையும் தடிமன். விழுந்ததால் ஒன்றும் ஆகவில்லை... ஆக வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே ஆகியிருந்தது.

தெரியாதவர்களுக்கு: தரையிலிருந்து கூரைவரை ஒரு ஸ்டீல் கம்பம். அதைப் பிடித்து ஏறலாம், சுழலலாம், தலைகீழாகத் தொங்கலாம். முதல் நாள் கால்கள் தரையை விட்டு எழும்பி, அறை முழுக்க என்னைச் சுற்றியது பாருங்கள் — அன்று ராத்திரி சிரிப்பை அடக்க முடியவில்லை!

மைசூரில் ஆயுத பூஜை என்றால் ஸ்கூட்டர், கிரைண்டர், லேத் மெஷின் எல்லாம் பொட்டு வைத்துக்கொள்ளும். எங்கள் கம்பம் மட்டும் சும்மா நிற்குமா? சந்தனம் அடியில் மட்டும். மேலே பூசினால் மறுநாள் வகுப்பே வழுக்கிக்கொண்டு வரும். மாலை மட்டும் உச்சியில். புது பேட்சில் முதலில் கூரையைத் தொட்டவர்தான் அதைக் கட்ட வேண்டும். தொடைகளால் கம்பத்தைக் கவ்வி உட்கார்ந்து, இரண்டு கையையும் விட்டு, முடிச்சுப் போட வேண்டும். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

சேர்ந்த அன்று பயிற்சியாளர் ரக்ஷிதா கேட்டார்: "முன்னாடி என்ன பழக்கம்?"

"ஸ்கூல் நாள்லேர்ந்து யோகா," என்றேன், பெருமையாக.

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, மத்தொந்து யோகா!" இன்னொரு யோகாக்காரி வந்துவிட்டாள் என்று கன்னடத்தில் சொல்கிறார்.

இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் யோகா பாயில்தான் விழ வேண்டும். அதில் என்ன தப்பு? மெத்தையில் உட்கார்ந்திருந்த அன்றுதான் புரிந்தது. யோகாவில் தரையைத் தள்ளுகிறோம், தள்ளுகிறோம், தள்ளிக்கொண்டே இருக்கிறோம். எதையாவது பிடித்து இழுக்கிறோமா? அநேகமாக இல்லை. மூட்டு எங்கே வேண்டுமானாலும் வளையும். ஆனால் அந்த மூட்டைத் தாங்கி இழுக்கிற தசை இன்னும் வளர்ந்திருக்காது. நான் தோளைக் காதுவரை ஏறவிட்டு, துணி காயப்போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தேன்.

இதைவிடப் பெரிய வம்பு வேறு. அசௌகரியம் வந்தால் முகம் மாறாமல் மூச்சு விடப் பழகியவள் நான். ஆசனத்தில் அது நல்ல குணம். கம்பத்தில்?

"வலிச்சுதா?" என்றார் ரக்ஷிதா, நான் வழுக்கி விழுந்ததும்.

"கொஞ்சம்."

"எப்போலேர்ந்து?"

"போன வாரத்துலேர்ந்து..."

"ஏன் ரீ சொல்லலை? உங்க முகத்தைப் பார்த்தா பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி இருக்கு! நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

நான் வேலை செய்வது டெஸ்டிங் லேபில். உதிரி பாகங்களைத் திரும்பத் திரும்ப வளைத்து, எப்போது விரிசல் விடும் என்று பார்ப்பது என் தொழில். ஓய்வில்லாத சுமை, சத்தமில்லாத விரிசல் — இந்த இரண்டைப் பற்றி ரிப்போர்ட் ரிப்போர்ட்டாக எழுதுகிறவள்!

பக்கத்துக் கம்பத்தில் செல்வி. எங்கள் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறாள்; ஊர் தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளி. யோகா பாயைக் கண்ணால் பார்த்ததோடு சரி. தொட்டதற்கெல்லாம் கத்துவாள். "அய்யய்யோ, தொடை எரியுதுங்! எறங்கிக்கறேனுங்!" உடனே இறங்கிவிடுவாள். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அவளுக்குத் தொடையில் நாலு ஊதாக் கன்றல் தவிர ஒரு காயமும் இல்லை. அந்தக் கன்றல் எல்லோருக்கும் வரும், தானே போகும்.

"ஏனுங்க்கா, வலிச்சா வாயத் தொறந்தா என்னங்? வாய்க்கு வாடகையா குடுக்கறீங்?" என்றாள்.

பிசியோதெரபிஸ்ட் கையை அழுத்திப் பார்த்தார். பிடித்துப் பிடித்து முழங்கைத் தசைநார் களைத்துப்போயிருக்கிறது, தோளும் சேர்ந்துகொண்டது என்றார். இழுக்கும் வேலைக்கு மொத்தமாகத் தடை.

"ஒரே ஒரு தடவை, மாலை மட்டும் கட்டிட்டு..." என்றேன்.

"எல்லாரும் ஒரே ஒரு தடவைக்குத்தான் கேப்பாங்க," என்றார்.

வீட்டில் அம்மா: "கம்பம் ஏறறாளாம்! காபி டபராவைத் தூக்க முடியலை!"

சிகிச்சை சலிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லவே இல்லை! சுருட்டிய டவலை மெல்லப் பிழிந்து பிடிப்பது. சின்னத் தண்ணீர் பாட்டிலை மணிக்கட்டால் நிதானமாக இறக்குவது. ரப்பர் பேண்டை இழுக்கும் முன் தோள்பட்டையைக் கீழே இறக்கி, முதுகோடு பூட்டுவது. அந்தப் பூட்டு முதல் தடவை விழுந்தபோது... இத்தனை வருடமாக என் முதுகில் இப்படி ஒரு தசை சும்மா உட்கார்ந்திருந்ததா?

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வகுப்பு நாளில் எண்ணெய், க்ரீம் எதுவும் தடவாதீர்கள். உடம்பு சூடான பிறகு கம்பத்தைத் தொடுங்கள். இரண்டு பக்கமும் பழகுங்கள். இறங்கத் தெம்பு இருக்கும்போதே இறங்குங்கள். சதையின் நடுவே மந்தமாக வலித்தால் பெரும்பாலும் ஓய்வில் சரியாகும். மூட்டில் குத்தினாலோ, விரல் மரத்தாலோ அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு, பிசியோவைப் பாருங்கள்.

பூஜை நாள் வந்தது. மாலை செல்வி கைக்குப் போயிருந்தது. பாதி தூரம் ஏறினாள். "எரியுதுங்!" என்று இறங்கிவிட்டாள். மூச்சு வாங்க, மாலையை என் பக்கம் நீட்டினாள். "அக்கா, இது உங்களுதுதான். போறீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று காலையிலிருந்து முழங்கையில் வலியே இல்லை. ஒரு தடவைதானே?

கம்பத்தைப் பிடித்தேன். தோளைப் பூட்டினேன். பாதத்தைத் தரையிலிருந்து லேசாக எடுத்தேன். ஊசி மாதிரி ஒரு குத்து. மூச்சு தானாக ஆழமாக உள்ளே போனது... அப்படியே நிறுத்தினேன்.

"ஆ! வலிக்குது!"

அறை அதிர்ந்தது. என் குரலா அது? பாதம் தரைக்கு வந்துவிட்டது. ரக்ஷிதா துள்ளிக் குதித்தார்: "கத்திட்டாங்க! யோகா கத்திட்டாங்க!" கைதட்டல் கூரை வரைக்கும் போனது. கூரையைத் தொட்ட அன்றுகூட எனக்கு இத்தனை கைதட்டல் இல்லை.

செல்வி தொடையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். வழியெல்லாம் கத்திக்கொண்டே போய் முடிச்சுப் போட்டாள். நான் கீழே மெத்தையைச் சரியாக இழுத்து வைத்துக்கொண்டு நின்றேன்.

இப்போதைய நிலவரம்: தோள் வலி போய்விட்டது. முழங்கை தேறிக்கொண்டு வருகிறது. இரண்டு காலும் தரையில் இருக்க, கம்பத்தைப் பிடித்து நிற்க அனுமதி உண்டு; ஏற இன்னும் அனுமதி இல்லை.