அப்பா தூங்கும் நேரத்துக் குரல்

கரும்பலகையின் இடது மூலையில் கற்றல் நோக்கத்தை எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்க வேண்டும். 'புரிந்துகொள்வர்' என்று எழுதினால் எங்கள் தலைமையாசிரியர் அந்தச் சொல்லை அடித்துவிடுவார். "புரிஞ்சுதா இல்லையான்னு எதை வெச்சு அளப்பீங்க? சொல்வர், வரைவர்னு கண்ணுக்குத் தெரியறாப்புல எழுதுங்க" என்பார். நியாயம்தான். நியாயமான மனிதர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

அப்போது நான் நெய்வேலி டவுன்ஷிப் பள்ளியில் கான்ட்ராக்ட் டீச்சர். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து தினமும் பஸ். ஆறாம் வகுப்பில் அவர் வந்து உட்கார்ந்து கவனிக்கும் ஒரு பாடத்தை வைத்துத்தான் நான் பர்மனன்ட் ஆவதும் வேலையை விட்டுப் போவதும்.

அன்று இப்படி எழுதினேன்: 'பழுப்பு நிலக்கரி உருவான விதத்தை மாணவர்கள் உரத்த குரலில் வரிசையாகச் சொல்வர்.' உரத்த குரல் என் சொந்தச் சரக்கு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியர் காதில் விழ வேண்டுமே!

பாடம் நன்றாகத்தான் போனது. கேள்வி கேட்டதும் வந்தது வினை. முதல் பெஞ்ச் மலர்விழி எழுந்து உதட்டை மட்டும் அசைத்தாள். "சத்தமா சொல்லு" என்றேன். குரல் இன்னும் இறங்கியது. அடுத்தவனும் அப்படியே. தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தார்.

மலர்விழி அருகே போய்க் குனிந்தேன். "ஏம்மா, தெரியலையா?"

"தெரியும் மிஸ். எங்கப்பா நைட் ஷிப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்கிகினு இருப்பாரு. வூட்ல இப்படித்தான் மெதுவா பேசுவோம். பயந்தா அந்தக் குரல்தான் மிஸ் வருது."

பாதி வகுப்புக்கு அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட்தான். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிற எனக்கு இது எப்படித் தெரியும்? பலகைக்குப் போய் 'உரத்த குரலில்' என்பதை அழித்தேன்.

"எல்லாரும் கண்ண மூடிக்குங்க. பக்கத்து ரூம்ல அப்பா தூங்குறாரு. நிலக்கரி எப்படி வந்துச்சுன்னு தம்பி கேக்குறான். அப்பாவ எழுப்பாம சொல்லுங்க."

நானும் கண்ணை மூடிக்கொண்டேன். வகுப்பு முணுமுணுத்தது. இங்க பெரிய காடு இருந்துச்சு... மரமெல்லாம் சேத்துல சாஞ்சுச்சு... மேல மண்ணு மூடுச்சு... அமுங்கி அமுங்கி, சூடாகி... "நம்ம வூட்டுக்கு அடியில இன்னும் தூங்கிகினு இருக்கு" என்றது ஒரு குரல். அந்தப் பழைய காடு மெல்ல எழுந்து வந்து எங்களைச் சுற்றி நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. வெளியே வர மனமில்லை.

கண்ணைத் திறந்தபோது தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் இல்லை. நடுவில், பிள்ளைகளோடு பிள்ளையாகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

மணியடித்ததும் வாசலில் என்னருகே நின்றார். "நோக்கம் நிறைவேறிடுச்சு டீச்சர். பர்மனன்ட்டுக்கு எழுதிடறேன்." அவரும் ரகசியக் குரலில்தான் சொன்னார்.

இப்போது பாடத்திட்டத்தோடு வரும் இளைய டீச்சர்களிடம் நான் முதலில் கேட்பது நோக்கத்தை அல்ல. "இந்தப் புள்ளைங்க வூட்ல இந்நேரம் யாரு தூங்குறாங்க, தெரியுமா?" என்றுதான் கேட்கிறேன்.